கவிழ்த்து வைத்த குடங்கள்

டிசம்பர் 2, வியாழன்

உயிரிழப்பு இல்லை. மாலை 4.20 மணிக்கு இதை உறுதி செய்தவர் மாவட்ட அரசு மருத்துவமனையின் பணி மருத்துவர். காயமடைந்தவர்கள் பதினொரு பேர். பத்துப் பேர் கட்டுப் போட்டுக்கொண்டு வீடு திரும்பிவிட்டார்கள். ஒருவர் மட்டும் உள்நோயாளி. மூன்று பேர் செத்துவிட்டார்கள், அதில் ஒன்று கைக்குழந்தை என்று பகல் முழுவதும் தொலைபேசியில் வந்துகொண்டிருந்த தகவல் பொய். மருத்துவர் சொல்லி முடித்ததும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். குறிப்பேட்டைத் திறக்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். சேந்தன்வயல் இலங்கைத் தமிழர் முகாமில் ஆறு லைன்கள். லைனுக்கு ஐம்பத்து மூன்று வீடு, மொத்தம் 318. போன வாரப் புயலில் எந்த வீட்டுக்கும் முழுக் கூரை மிஞ்சவில்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த 'அன்புக்கரை' அறக்கட்டளை 350 தார்ப்பாய்கள் தருவதாக ஒப்புக்கொண்டது. முதல் லாரியில் 150 இன்று காலை 9 மணிக்கு முகாம் வாசலில். மீதி 200 சனிக்கிழமை. முதல் லாரி வருவதை நம் பேப்பர் இன்று காலை வெளியிட்டது. செய்தியின் கடைசிப் பத்தி மட்டும் அச்சில் வரவில்லை. இடமில்லை என்றது பேப்பர் அலுவலகத்தின் டெஸ்க்.

நான் 8.30-க்குப் போனேன். கூட்டம் விடியற்காலை ஐந்தரைக்கே சேர்ந்துவிட்டதாகக் காவலர் ஒருவர் சொன்னார். முகாமுக்கு வெளியே இருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். காவலர்கள் நான்கு பேர். மற்றவர்கள் புயல் பணியில். 8.50-க்கு லாரி தெரிந்ததும் கூட்டம் ஓடியது. புயலில் ஏற்கெனவே கீல் விட்டிருந்த இரும்புக் கேட் உள்பக்கமாகச் சரிந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தவை 62. கையெழுத்தில்லாமல் போனவை 41. லாரியோடு திரும்பியவை 47.

என் சட்டையில் இரண்டு பொத்தான்கள் இல்லை. சேறு போக இரண்டு முறை அலசினேன்.

டிசம்பர் 3, வெள்ளி

உள்நோயாளியின் பெயர் மெற்றில்டா. வயது 29. டி லைன், 14-ஆம் எண் வீடு. சொந்த ஊர் மன்னார்ப் பக்கம். கேட் இடது காலின் மேல் விழுந்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. நாளை அறுவை சிகிச்சை. கணவர் கொச்சியில் பெயின்ட் வேலையில் இருக்கிறார், கிளம்பிவிட்டார். இரண்டு வயதுப் பெண் குழந்தை பக்கத்து வீட்டில்.

வார்டில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து அவளுடைய மாமியார் திரேசம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். முகாமில் தண்ணீர் வரிசையை ஒழுங்கு செய்பவர் இவர்தான் என்று பிறகு தெரிந்தது.

"நீங்கள் ஆர்?"

"பத்திரிகையில் இருக்கிறேன். மாசிலாமணி."

"எந்தப் பத்திரிகை?"

சொன்னேன். "ஓ," என்றார். பிறகு சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "இருங்கோ, ஏன் நிக்கிறியள்," என்று ஸ்டூலைத் தள்ளினார்.

மெற்றில்டாவுக்கு வலி ஊசி போட்டிருந்தார்கள். மெதுவாகத்தான் பேசினாள்.

"பேப்பரில நூத்தைம்பது எண்டு போட்டிருந்ததாம் ஐயா. வீடு முன்னூத்திப் பதினெட்டு. பாதிக்கும் காணாது. ஓடாம என்ன செய்யிறது?"

"நீங்களே படித்தீர்களா?"

"இல்லை. தேத்தண்ணிக் கடையில பெலத்து வாசிச்சவை. எனக்கு வீட்டில நிண்டே கேட்டது."

குறித்துக்கொண்டேன். கீழே வந்து வண்டியை எடுக்கும்போது டெஸ்கிலிருந்து பத்மநாபன் போனில். "சார், நம்ம பேப்பர்தான் முந்திப் போட்டது தெரியுமா? மத்தவங்களுக்கு நேரமே தெரியல. ஃபாலோ-அப் ஒண்ணு குடுங்க." இருபது வரி கொடுத்தேன்.

டிசம்பர் 4, சனி

அறுவை சிகிச்சை பகல் 12.40-க்கு முடிந்தது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். பாதத்தில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்றார் தலைமைச் செவிலியர். கட்டை விரலை அசைக்கச் சொன்னாராம், அசைத்தாளாம். இதை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

இன்று வர வேண்டிய இரண்டாவது லாரி வரவில்லை. திரும்பிய 47, புதிய 200, ஆக 247 தார்ப்பாய்களையும் நெடுஞ்சாலையில் ஓர் அரிசி ஆலைக் கிடங்கில் பூட்டி வைத்திருக்கிறார் அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர் சந்தானகிருஷ்ணன். அங்கே போய்ப் பார்த்தேன். முழங்கையில் பிளாஸ்திரி. வியாழனன்று லாரியிலிருந்து அவரையும் இழுத்திருக்கிறார்கள்.

"இருவது போலீஸ் இல்லாம நான் அந்தப் பக்கம் வரமாட்டேனுங்க. பத்தாந்தேதி வரைக்கும் பாப்பேன். இல்லாட்டி வேற மாவட்டத்துக்குக் கொண்டு போயிருவோமுங்க. அங்கயும் புயல் அடிச்சிருக்குதல்லங்க?"

வானிலை மையம் இன்று மாலை வெளியிட்ட குறிப்பு: வங்கக் கடலில் புதிய காற்றழுத்தத் தாழ்வு. 10-ஆம் தேதி இரவு முதல் இந்தக் கடலோரத்தில் கனமழை.

இரண்டும் ஒரே தேதி.

டிசம்பர் 5, ஞாயிறு

காலையில் பின் சக்கரம் பஞ்சர். ஒட்ட ஆளில்லை, ஞாயிற்றுக்கிழமை. பஸ்ஸில் போனேன். பேருந்து நிலையத்தில் ஆரஞ்சு மலிவாக இருந்தது, ஆறு வாங்கினேன்.

மெற்றில்டா தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். கணவர் காலையில் வந்துவிட்டு, குழந்தையைப் பார்க்க முகாமுக்குப் போயிருந்தார். சந்தானகிருஷ்ணன் சொன்னதைச் சொன்னேன்.

"இருவது பொலிசோ? இருவது பொலிஸ் வந்தால் அவையைப் பார்க்கவே இன்னொரு சனம் கூடும்," என்றாள்.

திரேசம்மா தரையிலிருந்து சிரித்தார். "ஐயா, எங்கட முகாமுக்கு மூண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி லொறி வருது. பன்னிரண்டு வருசமா வருது. ஒரு நாளாவது அடிபிடி எண்டு உங்கட பேப்பரில வந்ததோ?"

யோசித்தேன். வந்ததில்லை.

"ஏனெண்டா தண்ணிக்கு நாங்கள் நிக்கிறேல்லை. குடம்தான் நிக்கிறது."

அதற்கு மேல் அவர் சொன்னதை அப்படியே குறிக்கிறேன். முதல் நாள் மாலையே ஒவ்வொரு வீடும் தன் குடத்தை லைனில் வைத்துவிடும். வைத்த இடம் வைத்தவருடையது. லாரி அந்த லைனுக்குள் வரும்போதுதான் வீட்டை விட்டு வந்து குடத்தருகே நிற்க வேண்டும். முன்னால் ஓடினால் குடம் பின்னால் கிடக்கும், ஓடியவருக்கு இடம் போய்விடும். அடுத்தவர் குடத்தைத் தொடக் கூடாது. குடத்தைக் கவிழ்த்து வைத்திருந்தால் இன்றைக்கு வேண்டாம் என்று அர்த்தம். லாரி நிற்காமல் அடுத்ததுக்குப் போகும். ஏன் வேண்டாம் என்று யாரும் கேட்பதில்லை.

"வெளி ஆட்கள் ஒரு குடத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டால்?" என்று கேட்டேன்.

மெற்றில்டா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ஐயா, உங்கட செருப்பை ஆரும் போட்டுக்கொண்டு போனால் உங்களுக்குத் தெரியாதோ? முகாமில எல்லாற்ற குடமும் எல்லாருக்கும் தெரியும். என்ர குடத்தில வாயில ஒரு சூட்டுத் தழும்பு இருக்குது. கமலி வீட்டுக் குடத்துக்கு நெயில் பொலிஷ் பூசியிருக்கு. ஒருத்தற்ற குடத்தை ஒருத்தர் கள்ளக் குடம் செய்யேலாது."

"லொறியை வாசல்ல நிப்பாட்டினதுதான் பிழை," என்றார் திரேசம்மா. "தண்ணி லொறி வாசல்ல நிக்கிறேல்லை. உள்ளுக்க வருது."

டோக்கன் கொடுக்கலாமே என்று நான் கேட்கவே இல்லை. போன வருடம் வெள்ளத்தில் வேறோர் ஊரில் டோக்கனை நகலெடுத்து விற்றதை எழுதியவன் நான்.

ஆரஞ்சு ஆறையும் அங்கேயே விட்டுவிட்டேன்.

டிசம்பர் 6, திங்கள்

காலை 6.15-க்கு முகாமில். சொன்னபடியே இருந்தது. ஏ லைனிலிருந்து எஃப் லைன் வரை, வீட்டு வாசல்களுக்கு எதிரே குடங்கள். ஆள் ஒருவர்கூட இல்லை. உள்ளே சமையல் புகை, வானொலி, குழந்தைகளைத் திட்டும் சத்தம். 6.40-க்கு லாரி ஏ லைனுக்குள் திரும்பியது. அந்த லைனில் மட்டும் ஆட்கள் வெளியே வந்தார்கள். தலைமுடியைக் கட்டிக்கொண்டே, பல் துலக்கிக்கொண்டே. யாரும் ஓடவில்லை. ஆறு லைன்களும் முடிய ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடம்.

எஃப் லைனின் கடைசியில், வேலிக்கு அருகே, ஒன்பது குடங்கள் தனியாக நின்றன. அவை முகாமின் கணக்கில் இல்லாதவை. வேலிக்கு வெளியே உப்பளத்தில் வேலை செய்யும் ஒன்பது உள்ளூர்க் குடும்பங்களுடையவை. எத்தனை வருடமாக என்று கேட்டேன். பேச்சியம்மாள் என்ற உப்பளத் தொழிலாளி சொன்னார்: "ஆறேழு வருசம் இருக்கும் சார். ஒரு கோடையில ஊருக் கெணறு உப்பாப் போச்சு. திரேசம்மாக்காதான் வேலியப் பிரிச்சு, 'கொண்டாந்து வை'ன்னாக."

மாலை நான்கு மணிக்குச் சந்தானகிருஷ்ணனை மருத்துவமனைக்கே அழைத்து வந்தேன். அவர் மெற்றில்டாவுக்கு ஹார்லிக்ஸ் வாங்கி வந்திருந்தார். திரேசம்மா சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏனுங்க, நன்கொடை கொடுத்தவங்களுக்கு நான் கையெழுத்தும் போட்டோவும் அனுப்பியாகோணும். குடத்துகிட்ட கையெழுத்து வாங்க முடியுமுங்களா?"

"குடத்துக்குப் பின்னால ஆள் நிக்கும் தம்பி. ஆளிட்ட வாங்குங்கோ," என்றார் திரேசம்மா.

"போட்டோ?"

"குடத்தையே எடுங்கோ. ஆக்களை விட ஆடாம நிக்கும்."

மெற்றில்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கால் வலிக்கிறது, "மாமி, காணும், கதையாதையுங்கோ," என்று கெஞ்சினாள். சந்தானகிருஷ்ணன் சிரிக்கவில்லை. கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் லாரிதானுங்களே வந்துச்சு," என்றார், யாரிடம் என்றில்லாமல்.

நான் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

டிசம்பர் 7, செவ்வாய்

வருவாய் ஆய்வாளர் சகுந்தலாவின் அலுவலகத்தில் கூட்டம், பகல் 11 முதல் 12.30 வரை. முடிவுகள்: விநியோகம் வியாழன் 9-ஆம் தேதி, தண்ணீர் லாரி வரும் நாள். தார்ப்பாய் லாரி முன்னால், தண்ணீர் லாரி பின்னால். காவலர்கள் முகாம் வாசலில் வேண்டாம். நெடுஞ்சாலைத் திருப்பத்தில் நான்கு பேர், சீருடையில்லாமல் உள்ளே இரண்டு பேர். லாரியின் முகப்பில் கட்டியிருக்கும் அறக்கட்டளை பேனரைக் கழற்ற வேண்டும். தேதியை யாரும் வெளியே சொல்லக் கூடாது.

பேனருக்குத்தான் சந்தானகிருஷ்ணன் அதிக நேரம் போராடினார். அதில் நன்கொடையாளர்களின் படங்கள் இருக்கின்றன.

"படமெல்லாம் அழகாத்தான் இருக்கு. ஆனா அரை கிலோமீட்டர் தூரத்துல இருந்தே 'வந்துட்டோம்'னு சொல்லுதே," என்றார் சகுந்தலா. சந்தானகிருஷ்ணன் கழற்ற ஒப்புக்கொண்டார்.

கூட்டம் முடிந்ததும் சகுந்தலா என்னை மட்டும் நிறுத்தினார். "சார், நீங்க..."

"போடமாட்டேன்," என்றேன்.

டிசம்பர் 8, புதன்

செய்தி எதுவும் அனுப்பவில்லை.

மாலை ஆறரைக்குப் பத்மநாபன் பேசினார். "சார், நாளைக்கு ரெண்டாவது லோடு வருதாமே, கோயம்புத்தூர்ல பேசிக்கறாங்க. நேரம் மட்டும் சொல்லுங்க, பெட்டிச் செய்தியாப் போட்டுடறேன்." நடந்த பிறகு தருகிறேன் என்றேன். "உடம்பு நல்லா இருக்கா சார்?" என்றார். முப்பத்தோரு வருடத்தில் கையில் இருந்த செய்தியை நான் தராமல் வைத்துக்கொண்டது இதுதான் முதல் முறை.

போன புதன்கிழமை இதே நேரத்துக்கு இதே பத்மநாபன் பேசியதையும் எழுதிவிட வேண்டும். "நாலாம் பக்கத்துக்கு ரெண்டு விளம்பரம் வந்துருக்கு சார். கீழ ஒரு நாலு வரி போகும், பரவால்லையா?" பரவாயில்லை என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த நான்கு வரி என்னவென்று எனக்குத் தெரியும். மீதி 200 தார்ப்பாய்கள் சனிக்கிழமை வரும், எல்லா வீட்டுக்கும் உண்டு, அவசரப்பட வேண்டாம். இனி நடக்க வேண்டியதைக் கடைசியில்தான் எழுத வேண்டும் என்று பழகியிருக்கிறேன். இடம் போதாவிட்டால் டெஸ்க் கீழிருந்துதான் வெட்டும் என்பதும் தெரியும்.

மிச்சம் நின்ற வரிகளில் இருந்த ஒரே எண்ணிக்கை நூற்றைம்பது.

டிசம்பர் 9, வியாழன்

விநியோகம் முடிந்தது. காயம் யாருக்கும் இல்லை. உறுதி செய்தவர் நான். முதல் நிமிடத்திலிருந்து கடைசி வரை அங்கே இருந்தேன்.

தார்ப்பாய் லாரி 6.10-க்கு வந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றது. பேனர் இல்லை. தண்ணீர் லாரியைக் காணவில்லை. 6.40, 7.00, 7.30. ஓட்டுநருடைய தொலைபேசி எடுக்கப்படவில்லை. 7.45-க்கு நெடுஞ்சாலைத் திருப்பத்திலிருந்து காவலர் பேசினார்: தண்ணீர் லாரி பாலத்தருகே டயர் வெடித்து நிற்கிறது, ஒரு மணி நேரமாகும். அதற்குள் யாரோ தார்ப்பாய் லாரியை எட்டிப் பார்த்திருக்கிறார்கள். வேலிக்கு வெளியே இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்தன. ஒருவன் கையை வாயருகே வைத்துக் கத்தினான்: "தார்ப்பாய் வந்துருச்சுடோய்!"

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்தார்கள். எல்லா லைனிலும் ஒரே நேரத்தில். ஆயிரம் பேருக்குக் குறையாது. லாரி நிற்கும் பக்கம் எல்லோருடைய முகமும் திரும்பியது. சந்தானகிருஷ்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தது அவரா நானா என்று இப்போது சொல்ல முடியவில்லை.

திரேசம்மா தண்ணீர்த் தொட்டியின் படியில் ஏறினார். மைக் இல்லை.

"என்ன பாக்கிறியள்? அவரவர் குடத்தில போய் நில்லுங்கோ!"

ஒரு பெண் திரும்பி நடந்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவள். பிறகு எல்லோரும். ஏ லைனில் ஒருவர், "அங்கால தள்ளு மச்சான், என்ர குடத்துக்கு வெயில் படட்டும்," என்று சொன்னது கேட்டது. சிரித்தார்கள். எட்டு மணிக்கு ஆறு லைன்களும் குடமும் ஆளுமாக நின்றன. கத்தலைக் கேட்டு வாசல் வழியாக உள்ளே வந்த நாற்பது வெளியாட்களுக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. லைனில் நின்றால் முன்னாலும் பின்னாலும் குடம். நடுவில் குடமில்லாத மனிதன் தனியாகத் தெரிகிறான். சகுந்தலா அவர்களை ஓரமாக அழைத்து, தாலுகா அலுவலகத்தில் பெயர் பதியச் சொல்லி ஒரு தாளில் ஊர்வாரியாக எழுதிக்கொண்டார். அவர்களுக்கும் கூரை இல்லை. அரை மணி நேரத்தில் கலைந்தார்கள்.

தண்ணீர் லாரிக்குக் காத்திருக்காமல் தார்ப்பாய் லாரி ஏ லைனுக்குள் போனது. குடம், தார்ப்பாய், கையெழுத்து, போட்டோ. போன வியாழனன்று கையெழுத்துப் போட்டு வாங்கிய வீடுகளின் குடங்கள் கவிழ்ந்திருந்தன. பி லைன் நடுவில் சந்தானகிருஷ்ணன் பட்டியலோடு நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இந்த வூட்டுக்குக் கையெழுத்து இல்லீங்களே. எதுக்குக் கவுத்து வெச்சிருக்காங்க?"

"வேண்டாமாக்கும்," என்றார் திரேசம்மா.

"அதெப்படிங்க, கூரைக்கு..." அவர் வீட்டை நிமிர்ந்து பார்த்தார். கூரையில் புது நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. வாசலில் நின்ற மனிதர் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாமாக்கும் தம்பி. நடவுங்கோ."

சந்தானகிருஷ்ணன் பேனாவை எடுத்தார், மூடினார், நடந்தார். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. கையெழுத்தில்லாமல் கவிழ்ந்திருந்த குடங்கள் ஆறு லைன்களிலும் சேர்த்து 33. அன்று நெரிசலில் போனது 41. ஒவ்வொன்றையும் கடந்து லாரி போன பிறகு, வீட்டிலிருந்து ஒரு கை நீண்டு குடத்தைத் தண்ணீருக்காக நிமிர்த்தி வைத்தது.

டி லைன் 14-இல் வாயில் சூட்டுத் தழும்புள்ள குடம் நிமிர்ந்து நின்றது. கையெழுத்துப் போட்டவர் மெற்றில்டாவின் கணவர். ஏணி தயாராக வைத்திருந்தார்.

223 கொடுத்தாயிற்று. எஃப் லைனின் கடைசியில் ஒன்பது உப்பளக் குடங்கள். லாரியில் 24 மிச்சம். சந்தானகிருஷ்ணன் அறக்கட்டளையின் கடிதத்தை எடுத்துக் காட்டினார்: நன்கொடை முகாமில் பதிவுள்ள குடும்பங்களுக்கு மட்டும்.

"நாங்க என்ன கடலுக்கு அந்தப் பக்கமா இருக்கோம்?" என்றார் பேச்சியம்மாள். "அவுக கூரையப் புடுங்குன காத்துதானே எங்க கூரையையும் புடுங்குச்சு? அதுகிட்ட பதிவு இருந்துச்சா?"

"நான் இல்லைன்னு சொல்லலீங்கம்மா. என் கையில இல்லீங்க. டிரஸ்டிக கூடிச் சொல்லோணும்."

"குடம் வரிசையில நிக்குது தம்பி," என்றார் திரேசம்மா. "வரிசையில நிண்ட குடத்தை விட்டிட்டுப் போன லொறி இஞ்ச இல்லை."

லாரி நின்றது. பத்து நிமிடம் அப்படியே நின்றது. கடைசியில் சந்தானகிருஷ்ணன் 24 தார்ப்பாய்களையும் இறக்கச் சொன்னார். முகாம் அலுவலக அறையில் வைத்துச் சகுந்தலா பூட்டினார். சாவி அவரிடம். கோயம்புத்தூருக்குச் சந்தானகிருஷ்ணன் என் முன்னாலேயே பேசினார். அவர் அதிகம் கெஞ்சினார். கடைசியில், "நானே பொறுப்புங்க," என்றார்.

8.55-க்குத் தண்ணீர் லாரி வந்தது.

டிசம்பர் 10, வெள்ளி

டிரஸ்டிகள் வாய்மொழியாக ஒப்புக்கொண்டார்கள். சந்தானகிருஷ்ணன் காலை 10.05-க்குச் சொன்னார். கடிதம் வந்த பிறகுதான் கதவைத் திறக்க முடியும் என்கிறார் சகுந்தலா. அவர் சொல்வது முறை.

மருத்துவமனைக்குப் போனேன். மெற்றில்டாவை நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். திரேசம்மா பாத்திரம் கழுவப் போயிருந்தார். தினமும் போல வாங்கிப்போன ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னேன்.

"அந்தச் செய்தியை எழுதினவன் நான்தான்."

அவள் பையைத் திறந்து ஒரு பழத்தை எடுத்தாள். "தெரியும் ஐயா."

"எப்போதிருந்து?"

"முதல் நாளே மாமிக்குத் தெரியும். பேப்பரில 'நமது நிருபர்' எண்டு இருந்ததாம். இந்தப் பக்கத்துக்கு அவைக்கு இருக்கிறது நீங்கள் ஒராள்தானே?"

"ஏன் கேட்கவில்லை?"

"நான் கேக்கப் போனனான். மாமிதான் விடேல்லை. 'பொறு பிள்ளை. ஒரு ரிப்போட்டர் ஒவ்வொரு நாளும் ஒரஞ்சு கொண்டுவாறார் எண்டால் சும்மாவோ? சொல்லிப்போட்டார் எண்டால் பழம் நிண்டிடும். வாறமட்டும் தின்' எண்டவ."

ஸ்டூலில் உட்கார்ந்தேன். வெட்டுப்பட்ட பத்தியில் என்ன இருந்தது என்று கேட்டாள். சொன்னேன். டெஸ்க் கேட்டதையும், நான் பரவாயில்லை என்றதையும் சொன்னேன். அவள் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்கள் எழுதாட்டியும் சனம் வந்திருக்கும்," என்றாள் பிறகு. "ஆனால் ஓடியிருக்காது."

"ஆமாம்."

"எல்லாருக்கும் உண்டு எண்டதை முதல்ல எழுதியிருக்கலாம்."

"ஆமாம்."

"சரி, விடுங்கோ." பாதிப் பழத்தை என்னிடம் நீட்டினாள். "தின்னுங்கோ. இது புளிக்குது. நேற்றையான் திறம்."

தின்றேன். புளித்தது.

மாலையில் பத்மநாபனுக்கு இரண்டு செய்திகள் அனுப்பினேன். ஒன்று விநியோகம் பற்றி. இன்னொன்று ஆறு வரித் திருத்தம்: 2-ஆம் தேதி செய்தியில் விடுபட்டது என்ன, அதனால் என்ன நடந்தது. அடியில் என் பெயர். "பெயர் எதுக்கு சார்?" என்றார். போடுங்கள் என்றேன். இன்று விளம்பரம் எத்தனை என்றும் கேட்டேன்.

டிசம்பர் 11, சனி

திருத்தம் வந்திருக்கிறது. நான்காம் பக்கம், மேலே, ஆறு வரியும்.

மழை பிற்பகல் 2.50-க்குத் தொடங்கியது. அப்போது நான் முகாமில் இருந்தேன். மெற்றில்டாவை ஆம்புலன்ஸ் இறக்கிவிட்டு அரை மணி ஆகியிருந்தது. குழந்தை கட்டுப் போட்ட காலைத் தொடப் பயந்து, கம்பளியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. ஐந்து மணிக்குள் ஆறு லைன்களையும் குடையோடு சுற்றி வந்தேன். ஒழுகுவது இரண்டு வீடு; இரண்டிலும் ஆட்கள் ஏணியில் நின்று கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். மற்ற 316 வீடுகளும் காய்ந்திருக்கின்றன. வானிலை மையத்தின் மாலைக் குறிப்பு: தாழ்வு மண்டலம் தெற்கே நகர்கிறது, காற்று பலமாக இருக்காது, மழை நாளை இரவு வரை.

நிலுவையில் இருப்பவை. கேட்டுக்குப் புதுக் கீல்: செவ்வாய்க்கிழமை, சகுந்தலா சொன்னது. மெற்றில்டாவுக்கு அடுத்த எக்ஸ்ரே: ஜனவரி 18; எலும்பு நேராகக் கூடியிருந்தால் அன்றே கால் ஊன்றலாம் என்கிறார் மருத்துவர். உப்பளக் குடும்பங்களுக்கான ஒன்பது தார்ப்பாய்கள்: கோயம்புத்தூரிலிருந்து கடிதம் கூரியரில் கிளம்பிவிட்டது, திங்கள் முற்பகல் வந்து சேரும் என்றார் சந்தானகிருஷ்ணன்.

அதுவரை அந்த ஒன்பது குடும்பங்களும் முகாமுக்குள் தங்கலாம் என்று சகுந்தலா எழுத்தில் அனுமதி கொடுத்திருக்கிறார். ஆறு மணிக்கு மேல் வெளியாட்கள் இருக்கக் கூடாது என்பது விதி; விதியைத் தளர்த்திக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பேச்சியம்மாளும் அவருடைய இரண்டு ஆடுகளும் டி லைன் 14-இல் இருக்கிறார்கள். பத்துக்குப் பத்து அறை. கட்டிலில் மெற்றில்டா, கீழே நான்கு பேர், கதவோரம் ஆடுகள்.

அனுமதிக் கடிதத்தில் ஆடுகளைப் பற்றி ஒன்றும் இல்லையே என்று திரேசம்மாவிடம் கேட்டேன்.

"திங்கள்வரைக்கும் எழுதிப்போடாதையுங்கோ," என்றார்.